தண்ணீர் உள்ளே வரக்கூடாது, வாயு வெளியே போக வேண்டும்: பேட்டரி கன்டெய்னரை எப்படிச் சோதிக்கிறார்கள்?

எர்ணாவூரில் எங்கள் தெருமுனையில் மீன் விற்கும் அக்காவுக்குக் கண் கூர்மை. எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நின்ற டிரெய்லர்களில் ஒன்றைக் காட்டி, "இன்னா தம்பி, அந்த வெள்ளப் பொட்டிக்குக் கதவு பக்கவாட்டுல கீது? பின்னாடிதான இருக்கும்?" என்றார்.

"அது பேட்டரிப் பொட்டிக்கா. கரண்ட்ட சேத்து வெக்கிறது."

"மழைத்தண்ணி பூந்தா?"

"பூராதுக்கா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். பத்து வருஷத்துக்கு மேல் கன்டெய்னர் யார்டில் சர்வேயராக இருந்துவிட்டு, இப்போது இந்த மின்சேமிப்புப் பெட்டிகளைச் சோதிக்கும் வேலையில் இருப்பவன் நான். அந்த ஒற்றை வார்த்தைப் பதில் எனக்கே உறுத்தியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையோடு எண்ணெய் கலந்த வெள்ளம் வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தவர் அவர். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய முழுப் பதில் இது.

முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். இப்போது அதிகம் புழங்குவது 20 அடிப் பெட்டி. கொள்ளளவு சுமார் 5 மெகாவாட்-மணி. மின்கட்டண அட்டைக் கணக்கில் 5,000 யூனிட். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓட்டுகிற பத்து வீடுகளின் மொத்த மின்சாரமும் ஒரே பெட்டியில் அடைபட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவை பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள். செல் ஒன்றுக்கு 3.2 வோல்ட், 314 ஆம்பியர்-மணி. அதாவது ஒரு செல்லில் ஏறத்தாழ ஒரு யூனிட். அப்படி 5,000-க்குக் கொஞ்சம் குறைவான செல்கள். 416 செல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் 1,331 வோல்ட் டிசி வரும். நம் வீட்டுக்கு வருவது 230. பெட்டியின் எடை 40 டன்னைத் தாண்டும்.

வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் எல்லோரும் முதலில் மெயினை இறக்குவோம். பேட்டரியில் அது முடியாது. வெளியே போகும் லைனைத் துண்டிக்கலாம், செல்களை அடுக்கியிருக்கும் ரேக்குகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கலாம். ஆனால் செல்லுக்குள் இருக்கும் சக்தியை நிறுத்த ஸ்விட்ச் கிடையாது. தண்ணீர், அதுவும் உப்புத் தண்ணீர், இரண்டு முனைகளுக்கு நடுவே பாலம் போட்டால் மின்சாரம் அதன் வழியாகக் கசியும், சூடாகும், பொறி பறக்கும். ஒரு செல் அளவுக்கு மீறிச் சூடானால் அதற்குள்ளேயே ரசாயன வினை தொடங்கி, தன் சூட்டைத் தானே ஏற்றிக்கொண்டு போகும். பக்கத்து செல்லும் தொற்றிக்கொள்ளும். எங்கள் வேலையில் இதை 'தெர்மல் ரன்அவே' என்போம். கட்டுக்கடங்காத வெப்பம் என்று சொன்னால் பொருள் வந்துவிடும்.

கன்டெய்னர்தானே, கடலையே தாண்டி வருகிறதே, மழைக்கு என்ன பயம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. யார்டில் சரக்குப் பெட்டியைப் பார்க்கும்போது நாங்கள் செய்வது லைட் டெஸ்ட். நீங்கள் உள்ளே போய் நிற்க, வெளியிலிருந்து ஒருவர் கதவைச் சாத்துவார். கண் இருட்டுக்குப் பழகியதும் அண்ணாந்து பார்க்க வேண்டும். கூரையில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் நட்சத்திரம் மாதிரி மின்னும். மே மாதத்தில் மாதவரம் வெயிலில் இரண்டு நிமிஷம் உள்ளே நின்றால் சட்டையைப் பிழியலாம், அது வேறு கதை. தயாரிப்பு நிலையில் இதைவிடக் கடுமையான சோதனை உண்டு. ஐஎஸ்ஓ 1496 விதிப்படி 12.5 மில்லிமீட்டர் துளையுள்ள குழாயை ஒன்றரை மீட்டர் தூரத்தில் பிடித்து, எல்லா இணைப்புகள் மேலும் நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்த்தித் தண்ணீர் அடிக்க வேண்டும். உள்ளே ஈரம் தெரியக் கூடாது.

ஆனால் சரக்குப் பெட்டிக்குப் பின்பக்கம் மட்டும்தான் கதவு. பேட்டரிப் பெட்டிக்குப் பக்கவாட்டில் நெடுகக் கதவுகள், குளிரூட்டும் இயந்திரத்துக்கு வெட்டிய திறப்பு, அடியில் கேபிள் நுழையும் ஓட்டைகள், கூரையிலோ சுவரிலோ வாயு வெளியேறும் வென்ட். அக்கா கண்ணில் பட்ட பக்கவாட்டுக் கதவுதான் விஷயத்தின் ஆரம்பமே. ஒவ்வொரு திறப்பும் தண்ணீருக்கு ஓர் அழைப்பு.

அதனால் இதற்குத் தனி அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஐபி 55, ஐபி 67 என்று செல்போன் விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரத்தில் வரும் குறியீடு அது. முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. பேட்டரிப் பெட்டியின் வெளிக்கூட்டுக்குப் பொதுவாகக் கேட்பது ஐபி 55. உள்ளே இருக்கும் பேட்டரி பேக்குக்குப் பல தயாரிப்பாளர்கள் ஐபி 67 தருகிறார்கள்.

தூசிச் சோதனையில் முகப்பவுடர் செய்கிற டால்க் தூளைத்தான் பயன்படுத்துகிறார்கள். மூடிய அறையில் தூளைப் புகைபோலச் சுழலவிட்டு, பெட்டியை நடுவில் வைத்து மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். 5 என்றால் கொஞ்சம் தூள் போகலாம், கெடுதல் செய்யும் அளவுக்குப் போகக் கூடாது. 6 என்றால் துளியும் போகக் கூடாது. அனல்மின் நிலையச் சாம்பல் காயவைத்த துணியில் படிவதைப் பார்த்து வளர்ந்த எண்ணூர்க்காரர்களுக்கு இந்த எண் ஏன் முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை. சாம்பல் படிந்த இடத்தில் ஈரமும் சேர்ந்தால் அது மெல்ல மெல்ல மின்சாரம் கடத்தும் பாதை ஆகிவிடும்.

தண்ணீர் எண்ணில் 5 என்றால், 6.3 மில்லிமீட்டர் துளையிலிருந்து நிமிஷத்துக்கு 12.5 லிட்டர் வேகத்தில் எல்லாத் திசையிலிருந்தும் அடிக்க வேண்டும். 6 என்றால் 12.5 மில்லிமீட்டர் துளை, நிமிஷத்துக்கு 100 லிட்டர். இரண்டுக்கும் தூரம் இரண்டரையிலிருந்து மூன்று மீட்டர். பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நிமிஷம், எப்படியும் மூன்று நிமிஷத்துக்குக் குறையாமல். 20 அடிப் பெட்டியின் நான்கு சுவரும் கூரையும் சேர்ந்தால் சுமார் 64 சதுர மீட்டர். ஆக ஒரு மணி நேரத்துக்கு மேல் குழாயைப் பிடித்தபடி நிற்க வேண்டும். 5-க்கு 800 லிட்டர் போதும். 6-க்கு 6,400 லிட்டர் வேண்டும். வீட்டுக்கு வருகிற தண்ணி லாரி ஒன்று முழுசாகத் தீர்ந்துவிடும்.

சோதனையை நேரில் பார்த்தால் இன்னும் தெளியும். ஈரமாக்குவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் கேஸ்கெட் மேல் சாக்பீஸைத் தேய்ப்போம். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திறந்தால், சட்டத்தில் வெள்ளைக் கோடு விழுந்திருக்க வேண்டும். கோடு அறுந்திருக்கிற இடத்தில் ரப்பர் அழுந்தவில்லை என்று அர்த்தம். கப்பலின் ஹேட்ச் மூடியைச் சோதிக்க ஹார்பரில் காலங்காலமாகச் செய்வதுதான் இது. கோடு பெரும்பாலும் மூலையில்தான் அறும். ரப்பரின் இரண்டு முனைகளையும் ஒட்டிய இடத்தையும் விரலால் தடவிப் பார்ப்பேன். அந்த ஒட்டு எப்போதும் மேலே இருக்க வேண்டும், கீழே இருந்தால் தண்ணீர் அங்கேதான் தேங்கும் என்பது என் கட்சி. பிறகு உள்ளே தரையிலும் கதவு ஓரத்திலும் செய்தித்தாளை விரிப்போம். ஒரு சொட்டு விழுந்தாலும் தாள் காட்டிக்கொடுத்துவிடும். அதன்பிறகுதான் பம்ப்பைப் போடுவது.

ஒருமுறை நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். மதியம் இரண்டு மணி, வெயிலில் காய்ந்து கொதித்துக்கொண்டிருந்த பெட்டி. தரைக்கு அடியில் இருந்த சம்ப்பிலிருந்து குளிர்ந்த தண்ணீரை எடுத்து அடித்தோம். மூன்று இடத்தில் தாள் நனைந்திருந்தது. பெட்டி ஃபெயில் என்று எழுதப் போனவனை மூத்தவர் ஒருவர் தடுத்து, "தண்ணி சூடு என்ன, பொட்டி சூடு என்ன, அளந்தியாப்பா?" என்றார். அளக்கவில்லை. சூடான பெட்டி மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், சுருங்கினால் உறிஞ்சும், சின்ன இடுக்கில் நிற்கும் தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் தண்ணீருக்கும் பெட்டிக்கும் வெப்ப வித்தியாசம் 5 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது விதி. மறுநாள் விடியற்காலையில் அதே பெட்டியை அடித்தோம். தாள் மொறமொறவென்று காய்ந்தே இருந்தது.

பாஸ் போட்டுக் கொடுத்தேன். ஆனால் ஐப்பசியில் பகல் முழுக்கக் காய்ந்து, நாலு மணிக்குச் சடாரென்று கொட்டுகிற மழைக்கு அந்த 5 டிகிரி விதி தெரியாது. ஆகவே நல்ல வடிவமைப்பாளர்கள் பெட்டிக்கு மூச்சுவிட ஒரு வழி வைக்கிறார்கள்: காற்றை விடும், தண்ணீரை விடாத சவ்வு போட்ட வென்ட்.

தண்ணீர் அடித்து முடித்ததும் கதவைத் திறந்து பார்ப்பதோடு சோதனை முடிவதில்லை. ஐபி விதி ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது என்று சொல்லவில்லை. கெடுதல் செய்யும் அளவுக்குப் போகக் கூடாது, மின்சாரம் ஓடும் பாகங்களைத் தொடக் கூடாது என்றுதான் சொல்கிறது. அதைக் கண்ணால் தீர்மானிக்க முடியாது. மெக்கர் என்ற மீட்டரை வைத்து, மின்சாரம் கசியாமல் இன்சுலேஷன் எவ்வளவு தாங்குகிறது என்று அளப்போம். டிசி மின்சாரத்துக்கு வோல்ட்டுக்கு 100 ஓம் என்பது பரவலான குறைந்தபட்ச அளவு. 1,331 வோல்ட்டுக்கு 0.13 மெகாஓம் இருந்தால் போதும் என்று கணக்கு வரும். நான் அந்த எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. நனைவதற்கு முன் 500 மெகாஓம் காட்டியது, நனைந்த பின் 5 காட்டினால், காகிதத்தில் அது தாராளமாகப் பாஸ்தான். ஆனால் எங்கோ ஈரம் ஏறியிருக்கிறது. அந்தப் பெட்டியை நான் மறுபடி பிரிக்கச் சொல்வேன்.

இன்னொன்று. சான்றிதழில் இருக்கும் ஐபி எண், அந்த மாடலில் ஒரு பெட்டியைச் சோதித்து வாங்கியது. எண்ணூரிலோ காட்டுப்பள்ளியிலோ வந்து இறங்குகிற உங்கள் பெட்டி, கப்பலில் ஆடி, கிரேனில் தொங்கி, பள்ளம் மேடான சாலையில் டிரெய்லரில் குலுங்கி வந்தது. 40 டன் எடை. இறக்கி வைக்கிற திண்டு ஒரு மூலையில் சற்றே தாழ்ந்திருந்தாலும் சட்டம் முறுக்கிக்கொள்ளும், கதவு சரியாக உட்காராது. அப்புறம் சைட்டில் கேபிள் இழுக்கிறவர்கள் வருவார்கள். ஓர் இடத்தில் பெட்டி அத்தனை சோதனையும் தாண்டியிருந்தது. ஆனால் அடித்தட்டில் கேபிளைச் சுற்றி ஓட்டையை அடைக்கும் கிளாண்டு ஒன்றை இறுக்காமல், மேலே இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டுப் போயிருந்தார்கள். முதல் மழையிலேயே உள்ளே குட்டை. தொழிற்சாலைச் சான்றிதழுக்கு அந்த ஓட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் பொருத்தி முடித்த பிறகு சைட்டிலேயே ஒருமுறை தண்ணீர் அடித்துப் பார்க்க வேண்டும் என்று நான் எல்லா இடத்திலும் சண்டை போடுவேன். பாதி இடங்களில்தான் ஜெயிப்பேன்.

ஐபி எண் சொல்லாத விஷயங்களும் உண்டு. உப்புக் காற்றைப் பற்றி அது வாய் திறக்காது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் ஜன்னல் கம்பி, கதவுக் கீல் எத்தனை வருஷத்தில் பொரிந்து போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு வேறு தரங்கள்: பெயின்ட் பூச்சுக்கு ஐஎஸ்ஓ 12944-இல் கடலோரத் தொழிற்பகுதிக்கான சி5 வகை, துருச் சோதனைக்கு ஐஎஸ்ஓ 9227. பின்னதில் 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரி சூட்டில் பனிபோலத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். போல்ட் துருப்பிடித்துத் தளர்ந்தால் கேஸ்கெட் அழுத்தமும் போய்விடும். பிறகு ஐபி எண் பெயர்ப்பலகையில் மட்டும்தான் இருக்கும்.

மழையே இல்லாமலும் பெட்டி நனையும். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள சென்னைக் காற்று, 26 டிகிரிக்குக் கீழே இருக்கிற எதன் மேல் பட்டாலும் வியர்க்கும். ஜில்லென்ற மோர் டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக நிற்கிறதே, அதேதான். பெட்டிக்குள் குளிரூட்டும் தகடுகள் அதைவிடக் குளிர்ந்திருக்கலாம். பராமரிப்புக்கு வந்தவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு போன் பேசினால் போதும், உள்ளே வியர்த்துவிடும். தென் கொரியாவில் 2017-க்கும் 2019-க்கும் இடையே நடந்த 23 மின்சேமிப்புத் தீ விபத்துகளை ஆராய்ந்த அரசுக் குழு சொன்ன காரணங்களில் ஈரப்பதம், தூசி போன்றவற்றைச் சரியாகக் கவனிக்காததும் ஒன்று.

இதுவரை சொன்னது தண்ணீரை வெளியே நிறுத்தும் கதை. அதில் மட்டுமே குறியாக இருந்து பெட்டியை ஊறுகாய் ஜாடி மாதிரி இறுக்கி மூடினால் வேறொரு ஆபத்து வரும். கட்டுக்கடங்காமல் சூடான செல் வாயுவைக் கக்கும். அதில் ஹைட்ரஜன் நிறைய இருக்கும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கக் கூடியது அது. 2019 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு பேட்டரிக் கூடத்தில் அப்படித்தான் ஆயிற்று. தீயணைப்பு வாயு தானாகவே பீய்ச்சி அடித்தது, ஆனாலும் செல்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கக்கிக்கொண்டே இருந்தன. வாயு வெளியேற வழியில்லை. சுமார் மூன்று மணி நேரம் கழித்துத் தீயணைப்பு வீரர்கள் கதவைத் திறந்தார்கள். வெடித்தது. வீரர்கள் பலத்த காயமடைந்தார்கள்.

யூஎல் 9540ஏ என்ற சோதனை பார்ப்பது இதைத்தான். வேண்டுமென்றே ஒரு செல்லைச் சூடேற்றி தெர்மல் ரன்அவே நிலைக்குக் கொண்டுபோய், என்ன வாயு எவ்வளவு வருகிறது என்று பிடித்து அளக்கிறார்கள். பிறகு செல்கள் சேர்ந்த மாட்யூல், பிறகு முழு ரேக், தேவைப்பட்டால் பொருத்திய நிலையில் என்று நான்கு படிகளில் தீ எவ்வளவு தூரம் தாவுகிறது என்று பார்க்கிறார்கள். இந்தச் சோதனை பாஸ், ஃபெயில் சொல்வதில்லை, கணக்கைத் தருகிறது. அந்தக் கணக்கை வைத்துத்தான் எவ்வளவு பெரிய வென்ட் வேண்டும், வாயுவை வெளியேற்றும் விசிறி எப்போது ஓட வேண்டும், பெட்டிகளுக்கு நடுவே எத்தனை அடி விட வேண்டும் என்பதையெல்லாம் முடிவுசெய்கிறார்கள்.

ஆக, அதே பெட்டி தண்ணீருக்கு மூடியிருக்க வேண்டும், வாயுவுக்குத் திறக்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதற்கு அடுத்தடுத்த வருஷங்களில் இரண்டு சாட்சிகள் உண்டு. 2021 ஜூலை 30, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், ஜீலாங் பக்கம். வெள்ளோட்டத்தில் இருந்த பெட்டி ஒன்றில் குளிரூட்டும் திரவம் உள்ளேயே கசிந்து பொறி பறந்து தீப்பிடித்தது. வெளியே ஒரு சொட்டு மழை தேவைப்படவில்லை. அன்றைக்குப் பலமான காற்று. தீ நாக்கு பக்கத்துப் பெட்டியின் கூரையில் இருந்த பிளாஸ்டிக் வென்ட்டுகளை உருக்கி உள்ளே இறங்கியது. அதற்குப் பிறகு வந்த திருத்தங்களில் ஒன்று, கூரை வென்ட்டுகளுக்கு மேல் எஃகுக் கவசம். அடுத்த வருஷம், 2022 செப்டம்பர் 20, கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங். ஒரு பெட்டி எரிந்தது, நெடுஞ்சாலையை மூடினார்கள், சுற்றியிருந்தவர்களை வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள் என்றார்கள். விசாரணையில் தெரிந்தது: கூரை வென்ட்டின் கவசம் சரியாகப் பொருத்தப்படவில்லை, அதன் வழியாக மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது.

வாயு போக வைத்த வாசலில் தண்ணீர் நுழைந்தது. இதைப் படித்த நாளிலிருந்து நான் ஏணி போட்டுக் கூரையில் ஏறாமல் எந்தப் பெட்டிக்கும் கையெழுத்துப் போடுவதில்லை. சுவரைக் கழுவுவது போல அடித்துவிட்டு, கூரையை ஒப்புக்கு நனைத்துவிட்டு இறங்குகிற ஆட்கள் நிறைய. வென்ட் மூடியைச் சுற்றி நாலு பக்கமும் அடிக்க வேண்டும், அடித்த பிறகு அந்த மூடி ஒட்டிக்கொள்ளாமல் திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தண்ணீர் வருகிறதே என்று யாராவது சிலிக்கானைப் பூசி அடைத்திருந்தால், அது ஒழுகும் வென்ட்டைவிட மோசம்.

இனி அக்கா உண்மையில் கேட்ட விஷயம். அவர் கேட்டது வெள்ளம். ஐபி 55 பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கானது. மூழ்குவதற்கு அதில் இடமே இல்லை. ஐபி 67-இல் இருக்கும் 7 மூழ்குவதற்குத்தான், ஆனால் ஒரு மீட்டர் ஆழம், முப்பது நிமிஷம், அவ்வளவே. எங்கள் பக்கம் தண்ணீர் அரைமணியில் வடிந்ததாக யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? மூழ்கிய பேட்டரியின் ஆபத்து தண்ணீர் வடிந்ததும் போய்விடாது. 2022 செப்டம்பரில் இயன் புயலில் கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, புளோரிடாவில் நாட்கள் கழித்துத் தீப்பிடித்தன. உப்பு உள்ளே தங்கி வேலையைத் தொடர்ந்துகொண்டிருந்தது. மூழ்கிய பெட்டி பார்ப்பதற்குச் சும்மா நின்றாலும் யாரும் கிட்டே போகவோ, காயவைக்கிறேன் என்று கதவைத் திறக்கவோ கூடாது. தயாரிப்பாளரின் ஆட்களும் தீயணைப்புத் துறையும்தான் அணுக வேண்டும்.

வெள்ளத்துக்கு ரப்பரும் கிளாண்டும் பதில் இல்லை. திண்டின் உயரம்தான் பதில். பெட்டியை எந்த மட்டத்தில் உட்கார வைக்கிறார்கள், அந்த மட்டத்தை எந்த வருஷத்து வெள்ளத்தை வைத்துக் கணக்கிட்டார்கள், இந்த இரண்டையும் முதலில் கேட்க வேண்டும். கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கடலும் ஒன்றாக வந்து முட்டுகிற இடத்தில், வரைபடத்தில் இருக்கும் மட்டத்தை நான் அப்படியே நம்பமாட்டேன்.

போன வாரம் இதையெல்லாம் அக்காவிடம் மீன் கூடைப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். பாதியைக் கேட்டார், பாதியில் வஞ்சிரம் வெட்டினார். திண்டு உயரம் என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் கூட்டிப்போனார். கூடத்துச் சுவரில், சுண்ணாம்பு இரண்டு தரம் அடித்தும் மறையாமல், இடுப்பு உயரத்தில் பழுப்பாக ஓர் எண்ணெய்க் கோடு.

"இதுக்கு மேலதான வெக்கச் சொல்ற?"

"ஆமாக்கா. இதுக்கு இன்னும் மேல."

டேப்பை எடுத்துத் தெருமட்டத்திலிருந்து அளந்து, நோட்டில் குறித்துக்கொண்டேன்.